விக்டிஸ் அச்சடித்த போலி இதழ்

லக்ஸவோக் பக்கம் போகும் பஸ்ஸைப் பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிறுத்திக் கதவைத் திறந்த விக்டிஸ், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள். திறந்த கதவு வழியாக மழைச்சாரல் உள்ளே அடித்தது. அவள் கண் நிறுத்தத்துக் கண்ணாடியை விட்டு அகலவில்லை.

புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். அதில் ஓர் ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே பெரிதாக ‘ஸ்கிரால்’ என்று பத்திரிகையின் பெயர். காலடியில், ‘பெண்களின் இசைக்கு இந்த ஆண்டின் உற்ற தோழர், ஓட்வார் ஹெல்லே.’

பத்திரிகைப் பெயரின் எழுத்துகள் விக்டிஸ் தன் கையால் பால் அட்டைப்பெட்டியில் வெட்டியவை. கத்தரி வழுக்கியதால் கடைசி எழுத்தின் கால் கோணிப்போயிருக்கும். அந்தக் கோணலைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“டிரைவரம்மா, உசுரோட இருக்கீங்களா?” என்றார் பின்னாலிருந்து ஒரு கிழவர்.

“நான் இருக்கேன்,” என்று கதவைச் சாத்தினாள் விக்டிஸ். “இன்னொருத்தன் இருக்கானான்னுதான் இனிமே பாக்கணும்.”

கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவைத்தார்.

விக்டிஸுக்கு அப்போது வயது நாற்பத்தைந்து இருக்கும். பெர்கனில் பஸ் ஓட்டுவது பிழைப்பு. பேஸ் கிட்டார் வாசிப்பது உயிர். இரண்டுக்கும் நடுவில், இருபது வருஷத்துக்கு மேலாக, ரெனாட்டே என்ற தோழியோடு சேர்ந்து ‘ஸ்கிரால்’ நடத்தினாள். சமையலறையில் பாத்திரங்கள் மொத்தமாகக் கீழே விழுந்தால் எழும் சத்தத்துக்கு அங்கே ஸ்கிரால் என்று பெயர்.

பத்திரிகை பிறந்ததே ஒரு கோபத்தில்தான். இருவரும் ஒரே குழுவில் வாசித்த காலம். ஒரு மேடையில் ஒலி பார்க்கிறவன் வந்து, விக்டிஸின் கிட்டாரை அவள் கையிலிருந்தே வாங்கி, ஒயரை எங்கே செருக வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தான். அவள் ஐந்து வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த இருவரும் அவனைக் கிழித்து ஒரு பக்கம் எழுதினார்கள். ரெனாட்டே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கிருந்த நகல் இயந்திரத்தில் அதை அடித்து, அடுத்த கச்சேரியில் விநியோகித்தார்கள். சுவரோரம் நின்றபடி அதைப் படித்த பெண்கள் சிரித்த சிரிப்பில் பாடகனின் குரலே காணாமல் போனது.

அப்புறம் அது வளர்ந்தது. ஒலிபெருக்கி கெட்டுப்போனால் யாரையும் கூப்பிடாமல் நீயே எப்படிச் சரிசெய்வது, இடைத்தரகன் இல்லாமல் அரங்கம் எடுப்பது எப்படி, பழைய திரைச்சீலையை வைத்துச் சட்டையில் படம் அச்சடிப்பது எப்படி என்றெல்லாம் எழுதினார்கள். ட்ரோம்ஸோவில் டிரம்ஸ் வாசிக்கும் மீனவப் பெண் முதல் ஸ்டவாங்கரில் வீட்டுக் குளியலறையில் பாட்டுப் பதிவு செய்யும் தாதி வரை பேட்டி எடுத்தார்கள். விளம்பரம் கிடையாது. யாருக்கும் சம்பளம் கிடையாது. எழுதியவர்களே மடித்து, அவர்களே ஸ்டேப்ளர் அடித்து, அவர்களே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். பதிவு, வரி, கையெழுத்து சமாச்சாரம் எதிலும் விக்டிஸ் தலையிட மாட்டாள். “அதெல்லாம் நீ பாத்துக்கடி, எனக்குத் தலை சுத்தும்” என்று ரெனாட்டே பக்கம் தள்ளிவிடுவாள். ரெனாட்டேயும் பார்த்துக்கொண்டாள்.

விளம்பரத்தில் சிரித்த அந்த ஓட்வார் யார் என்று சொன்னால்தான் விக்டிஸின் ரத்தம் ஏன் கொதித்தது என்பது விளங்கும். அந்தக் கரையோரத்தின் பெரிய இசைவிழாக்கள் எல்லாம் அவன் கையில் இருந்தன. மார்தே என்று ஒரு டிரம்ஸ்காரி. அவள் அடித்தால் கூரையில் தங்கிய மழைத்தண்ணீர் சொட்டும் என்பார்கள். ஒரு விழா முடிந்து வேனில் ஏறியவளை ஓட்வார் கையைப் பிடித்து இழுத்தான். அவள் டிரம் குச்சியால் அவன் முழங்கால் சில்லில் ஒன்று வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். மறு வருஷம் அவளுடைய குழுவின் பெயர் எந்த விழாவிலும் இல்லை. ‘அவளா? குடிகாரி. மேடையிலேயே விழுந்து கிடப்பா. யாரு பொறுப்பேத்துக்கிறது?’ என்று ஓட்வார் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தான். மார்தே கிறிஸ்துமஸுக்குக்கூட மது தொடாதவள். கூட வாசித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். கடைசியில் டிரம்ஸை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு சால்மன் மீன் ஆலைக்கு வேலைக்குப் போனாள்.

அந்தக் கதையை விக்டிஸ் எழுதினாள். ஓட்வாரின் பெயரைப் போட்டே எழுதினாள். மார்தேயின் பெயர் மட்டும் மறைக்கப்பட்டிருந்தது. வழக்கு போடுவேன் என்று மிரட்டினான். “போடுங்க சார், கோர்ட்டுக்கு நல்ல சட்டை போட்டுட்டு வாங்க, படம் எடுப்போம்” என்று தொலைபேசியில் சொன்னவள் வேறு யாருமில்லை, ரெனாட்டேதான். அவன் வழக்குப் போடவில்லை.

அந்த ரெனாட்டேயின் வீட்டுக்கு, பஸ்ஸைப் பணிமனையில் விட்ட கையோடு, சீருடை கூட மாற்றாமல் போனாள் விக்டிஸ்.

ரெனாட்டே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். விக்டிஸின் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்போ? என் எழவு வீட்டுக்கு வரும்போதா?”

“உக்காரு விக்டிஸ். ஆஸ்லோக்காரங்க கம்பெனி ஒண்ணு கேட்டுச்சு. பேரையும் பழைய இதழ்களையும் எடுத்துக்கறாங்க. ஒழுங்கான அச்சு, நாடு முழுக்கக் கடை. நாம எழுதினத நாலு பேரு படிக்க வேண்டாமா?”

“அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து குளிர்காலம் முழுக்க அவ ஊரு ஒட்டாவுல, மலைக்கு அந்தப் பக்கம் கெடந்தேன். நீ போன் பண்ணுவே. ‘எல்லாம் நல்லாப் போகுது, நீ அம்மாவப் பாரு’ன்னுவே. அப்போ இதத்தான் பண்ணிட்டிருந்தியா?”

ரெனாட்டே சுட்ட வாஃபிளைத் தட்டில் அடுக்கினாள்.

“சரி, வித்தே. தொலையட்டும். ஓட்வாருக்கு மாலை போடறது யாரு யோசனை?”

“புது இதழுக்கு அறிமுக விழா வைக்கறாங்க, செலவு அவனோடது. எனக்கும் கடைசியிலதான் தெரியும். நான் வெறும் ஆலோசகர்தாண்டி, என் பேச்ச யாரு கேக்கறா?”

“அவனப் பத்தி எழுதின கட்டுரை?”

“வலைத்தளத்துலேருந்து எடுத்தாச்சு.” ரெனாட்டே கண்ணைத் துடைத்தாள். “களைச்சுப் போயிட்டேன் விக்டிஸ். இத்தனை வருஷம் ஓசியில உழைச்சு முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். ஒரு தடவையாவது நமக்குன்னு ஏதாவது வரக் கூடாதா?”

“களைப்பா இருந்தாத் தூங்கணும். மார்தேய வித்துட்டு இல்ல.”

விக்டிஸ் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தட்டில் இருந்த வாஃபிளில் ஒன்றைக் கையால் எடுத்து வாயில் போட்டு மென்றபடி சொன்னாள்: “இதான் ஒன் வீட்டுல நான் திங்கற கடைசித் தீனி.”

மறுநாள் மீன் ஆலையின் வாசலில், வேலை விடும் நேரத்தில் காத்து நின்றாள். ரப்பர் பூட்ஸும் வலைத்தொப்பியுமாக வெளியே வந்தாள் மார்தே. விளம்பரத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கையுறையை மட்டும் மெல்லக் கழற்றினாள்.

“பாத்தேன். எங்க ஆலைக்கு எதுத்தாப்ல இருக்கிற நிறுத்தத்துலயும் ஒட்டியிருக்காங்க. தினமும் அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உள்ள போறேன்.”

“நான் ஒண்ணு செய்யப் போறேன். நீ வேண்டாம்னா வேண்டாம். அதக் கேக்கத்தான் வந்தேன்.”

விக்டிஸ் தன் திட்டத்தைச் சொன்னாள். மார்தே கேட்டுக்கொண்டே இருந்தாள். எதிர்ப்புற நிறுத்தத்தில் ஓட்வார் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என் பேரப் போடு,” என்றாள் மார்தே. “இந்தத் தடவை முழுப் பேரு. போட்டோவும் போடு. வலைத்தொப்பியோடவே போடு.”

திட்டம் இதுதான். கம்பெனி பெர்கன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கு அரங்கத்தில் அறிமுக விழா வைத்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் பளபளக்கும் புது ‘ஸ்கிரால்’ ஒரு பிரதி வைக்கப்படும். அதன் அட்டைப்படத்தை ஒரு மாதம் முன்பே பெருமையாக வலைத்தளத்தில் போட்டுவிட்டார்கள். விக்டிஸ் அந்த அட்டையை அப்படியே செய்தாள். வழவழப்பான தாள், அதே ஓட்வார், அதே சிரிப்பு. உள்ளே மட்டும் பழைய ஸ்கிரால்: சொரசொரப்பான தாள், கறுப்பு மை, கத்தரியால் வெட்டி ஒட்டிய பத்திகள். ஊரில் ஓவியர்கள் கூட்டாக நடத்தும் அச்சுப் பட்டறையில் பக்கங்களை அடித்தார்கள். பதினொன்றாம் பக்கத்தில் மார்தேயின் கதை, முழுப் பெயரோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்டிஸின் வீட்டில் பழைய வாசகிகள் கூடினார்கள். அடுப்பில் பெரிய பானை நிறைய மீன் சூப். தரையெல்லாம் தாள். மடிக்கிறவர்கள் மடிக்க, அடிக்கிறவர்கள் ஸ்டேப்ளர் அடித்தார்கள்.

“நேராப் புடிச்சு அடிங்கடி. கோணலா அடிச்சாத்தான் நம்ம பத்திரிகைன்னு கண்டுபுடிச்சிருவாங்க,” என்றாள் ஒருத்தி.

“நல்லாக் குத்துங்க. ஒவ்வொரு குத்தும் அவன் பின்பக்கத்துலன்னு நெனச்சுக்கங்க,” என்றாள் இன்னொருத்தி.

அன்று விக்டிஸுக்கும் மார்தேக்கும் ஒரு சச்சரவு வந்தது. கடைசிப் பக்கத்தில் விக்டிஸ் ஒரு புகைப்படம் வைத்திருந்தாள். இருபத்து மூன்று வயது ரெனாட்டே, ஏதோ ஒரு கச்சேரியில், சட்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வயிற்றில் கொட்டை எழுத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற வாசகத்தோடு நிற்கிறாள். கீழே ஒரே ஒரு வரி: ‘விற்றாகிவிட்டது.’

மார்தே அதை நெடுநேரம் பார்த்தாள்.

“இத எடுத்துரு.”

“ஏன்?”

“இவ என்னைத் தொடல. என்னைக் குடிகாரின்னு சொல்லல. பழைய சிநேகிதி, காசுக்கு ஆசைப்பட்டா. அவ்வளவுதான். ஊரு முன்னாடி அவ வயித்தக் காட்டி நாறடிக்கிறது என் கணக்குல சேராது.”

“என் கணக்குல சேரும்,” என்றாள் விக்டிஸ்.

“அப்போ அது உன் பழி. என் பேரச் சொல்லாத.”

“சொல்லல.”

படம் அப்படியே அச்சில் நின்றது. மார்தே அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சூப் மட்டும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தாள்.

அரங்கத்தில் விளக்கு கட்டும் வேலை செய்தவள் சூனிவா என்ற இளம்பெண். ஏணி ஏறி விளக்கு மாட்டக் கற்றதே ‘ஸ்கிரால்’ பார்த்துத்தான். விழா அன்று மத்தியானம், நாற்காலிகளில் பத்திரிகை வைக்க வந்த தன்னார்வலர்களிடம், “பொட்டிங்க அங்க இருக்கு” என்று அவள் கைகாட்டினாள். அவள் காட்டியது விக்டிஸின் பெட்டிகளை. கம்பெனியின் பெட்டிகள் மேடைக்கு அடியில், கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு பத்திரமாக இருந்தன. எதையும் திருடவில்லை, எதையும் கிழிக்கவில்லை.

மாலையில் அரங்கம் நிறைந்தது. நனைந்த கோட்டுகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பெண்மணி மேடையேறி, பெண்கள், மேடை, சமத்துவம் என்று பேச ஆரம்பித்தாள். பேசப் பேச அவளுக்குச் சபையில் ஏதோ சரியில்லை என்று பட்டது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. இடையிடையே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் தொடையைத் தட்டி ஒரு பத்தியைக் காட்டினாள்.

அந்தப் பெண்மணி பேச்சைச் சீக்கிரம் முடித்து ஓட்வாரைக் கூப்பிட்டாள். பிரிக்காத பிரதியைக் கையில் பிடித்தபடி அவன் படியேறினான். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் அவனுடைய அலுவலக ஆட்கள் இரண்டு பேர் தட்டினார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

“பெண்கள் வாசிக்கிறத நான் எப்பவுமே…” என்று ஆரம்பித்தான் ஓட்வார்.

“பதினொண்ணாம் பக்கம், ஓட்வார்,” என்றது ஒரு குரல்.

முன்வரிசையின் ஓரத்தில் மார்தே எழுந்து நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. அரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கத்த வேண்டிய தேவையே இல்லை.

“ஒங்க பிரதியத் தொறந்து பாருங்க. கண்ணாடி கொண்டு வரலன்னா நானே வாசிச்சுக் காட்டறேன். என் கதைதான், எனக்கு மனப்பாடம்.”

அவன் கையிலிருந்ததைத் திறந்தான். தாளின் சொரசொரப்பை விரல் உணர்ந்ததும் அவன் முகம் மாறியதைப் பக்கவாட்டில் நின்ற விக்டிஸ் பார்த்தாள். அந்த ஒரு நொடியைப் பிற்காலத்தில் அவள் யாரிடம் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல காபியை வாயில் வைத்திருப்பவள் போலத்தான் சொல்வாள்.

“இது போலி,” என்றான் அவன். “இது போலிப் பத்திரிகை.”

“பத்திரிகை போலிதான்,” என்றாள் மார்தே. “நீங்க செஞ்சது அசல்.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள். அவனுக்கு மரியாதையாகப் பாடுவதற்கென்று ஈதுன் என்ற இளம் பாடகியை அழைத்திருந்தார்கள். மேடையோரம் நாற்காலியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த அவள், கிட்டாரை எடுத்துப் பெட்டியில் வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் ஒவ்வொரு கொக்கியும் துப்பாக்கி போல வெடித்தது. அவனைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள். சனம் எழுந்து அவள் பின்னால் போக ஆரம்பித்தது. போகும்போது நாற்காலியில் பிரதியை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை.

நகரத்துப் பத்திரிகை மறுநாளே மார்தேயைத் தேடி ஆலை வாசலுக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு இன்னும் சில பெண்கள் பேசினார்கள். அவர்களில் ஒருத்தி ஓட்வாரின் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவள். எல்லாம் பொய் என்றான் அவன். பிறகு நினைவில்லை என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. விழாக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக அவனைக் கைகழுவினார்கள். இப்போது எங்கோ தெற்கே படகு இன்ஜின் விற்கிறான் என்று கேள்வி. கம்பெனி தன் பெயரும் முத்திரையும் திருடப்பட்டதாக விக்டிஸுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பத்திரிகைக்காரர்கள் அதையும் செய்தியாக்கிவிட்டார்கள் என்றதும் பேசாமல் பின்வாங்கி, பத்திரிகையையே மூடிவிட்டது. ‘ஸ்கிரால்’ என்ற பெயர் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. விக்டிஸாலும் முடியாது.

ரெனாட்டேயின் புகைப்படம்தான் அதிகம் ஊர் சுற்றியது. அவளை அறியாதவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வேலை பார்த்த பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதைக் கரும்பலகையில் ஒட்டிவைத்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை அவள் விக்டிஸின் பஸ்ஸில் ஏறினாள். உட்காராமல் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றாள்.

“அவன ஒழிச்சே. சரி. அவனுக்கு வேணும். என்னை ஏண்டி அப்படிப் பண்ணினே?”

“ஓட்டுநரிடம் பேசாதீர்கள்னு போர்டு இருக்கு. படிச்சுப் பாரு.”

“நாம ரெண்டு பேரும் பெத்த புள்ள அது. நீ கொன்னுட்டே.”

“நீ வித்தப்பவே செத்துப்போச்சு. நான் பொதைச்சேன்.”

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் விக்டிஸ்.”

விக்டிஸ் அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தாள். ரெனாட்டே இறங்கவில்லை. ஏறுவதற்கும் ஆளில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது பஸ். அப்புறம் ரெனாட்டேயே இறங்கிப் போனாள்.

ஒருமுறை மார்தே கேட்டாளாம், “கொஞ்சமாவது நெஞ்சு உறுத்துதா?” என்று. “தேடிப் பாத்தேன், இல்ல,” என்றாளாம் விக்டிஸ். மார்தே மறுபடி டிரம்ஸ் பக்கம் போகவில்லை. தோள்பட்டை போய்விட்டது, மீன் ஆலையின் குளிரும் பழகிவிட்டது என்கிறாள். ஆனால் விக்டிஸ் மறுபடி ஒரு பத்திரிகை தொடங்கியபோது, மடிக்கவும் அடிக்கவும் முதலில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான்.

இந்தப் பத்திரிகைக்கு நிலையான பெயர் கிடையாது. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பெயர். அடிக்கிற அன்று காலையில், கையில் மை ஒட்டியிருக்கும் யாராவது வாயில் வந்ததைச் சொன்னால் அதுதான் பெயர். ஒரு தடவை ‘ஈரச் செருப்பு’ என்று வந்தது. இன்னொரு தடவை ‘வாய மூடிட்டுக் கேளு’ என்று வந்தது. பதிவு எதுவும் இல்லை. விற்க நினைத்தாலும் இதை யாராலும் விற்க முடியாது.

போன வசந்தத்தில் கையால் செய்யும் பத்திரிகைகளுக்கென்று நகர நூலகத்தில் ஒரு சந்தை நடந்தது. விக்டிஸ் ஒரு மேஜையில் புது இதழைக் குவித்துவைத்துக்கொண்டு நின்றாள். வரிசை முழுக்கப் பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள். அவர்களுக்கு நடுவில், நரைத்த முடியும் மஞ்சள் மழைக்கோட்டுமாக ரெனாட்டே. பொறுமையாக நின்று முன்னால் வந்தாள்.

“ஒண்ணு குடு,” என்றாள் மெல்ல.

இருவருக்கும் நடுவில், மேஜைமேல், பிரதிகள் முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“தீந்து போச்சு,” என்றாள் விக்டிஸ், அவள் கண்ணை நேராகப் பார்த்து. பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம், “நீ வாம்மா, ஒனக்கு எத்தன வேணும்?” என்றாள்.